ஆபிரகாம் எந்த இனத்தவர்? ஊரைப் பார்த்தால் போதாது, உறவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஆபிரகாம் தமிழரா என்று கேட்டு வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான்: ஆபிரகாம் பிறந்த நகரத்தின் பெயரே 'ஊர்', அது தெற்கு இராக்கின் பழைய மக்களான சுமேரியருடைய நகரம், சுமேரியர் தமிழர், ஆகவே ஆபிரகாமும் தமிழர். மறுத்து எழுதிய ஒருவர், அவர் யூதர், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கோபப்படுகிறார். இன்னொருவர் அரபியர் என்கிறார். வேறொருவர், அந்த நகரம் இன்றைய இராக்கில் இருப்பதால் அவர் இராக்கியர் என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். நாலு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். ஆபிரகாமின் சொந்தக்காரர்கள் யார், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்வதை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. அது ஒளித்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற பகுதியிலேயே இருக்கிறது.

முதலில் எளிதானதை முடித்துவிடுகிறேன். யூதர் என்ற பெயர் யூதா என்பவரிடமிருந்து வந்தது. யூதா யார்? ஆபிரகாமின் மகன் ஈசாக்கு, ஈசாக்கின் மகன் யாக்கோபு, யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் நாலாவது பிள்ளை யூதா. அதாவது கொள்ளுப்பேரன். கொள்ளுப்பேரனின் பெயரில் ஒரு கோத்திரம் உண்டாகி, அந்தக் கோத்திரத்தின் பெயரில் எருசலேமைச் சுற்றி ஒரு ராஜ்யம் உண்டாகி, அந்த ராஜ்யத்து மக்களை மற்றவர்கள் யூதர் என்று கூப்பிட ஆரம்பித்ததெல்லாம் ஆபிரகாம் கதைக்கு ரொம்பப் பிந்தைய சமாச்சாரம். இஸ்ரவேலர் என்றும் சொல்ல முடியாது, அது பேரனுக்குக் கிடைத்த பெயர். பைபிளுக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலில் வருவது எகிப்து மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், கி.மு. 1208 வாக்கில். யூதர்களுக்கு ஆபிரகாம் தகப்பன், அதில் சண்டை இல்லை. ஆனால் தகப்பன் என்பதால் அவரே யூதர் ஆகிவிடமாட்டார். இதைத்தான் குர்ஆனும் மூன்றாம் அத்தியாயம் 67ஆம் வசனத்தில், இப்ராஹீம் யூதராகவும் இருக்கவில்லை, கிறிஸ்தவராகவும் இருக்கவில்லை என்று நேராகச் சொல்கிறது.

அரபியர் என்று எழுதிய நண்பருக்கும் இதே பதில்தான். இஸ்மவேல் வழியாக அரபியர் தங்களை அவருடைய பிள்ளைகளாகக் கருதுகிறார்கள். இஸ்மவேலின் தாய் ஆகார் எகிப்துக்காரி. மகன் வழியில் வந்த பெயரைத் தகப்பன் தலையில் கட்ட முடியாது. இராக்கியர் என்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, அது ராஜராஜ சோழனைத் தஞ்சாவூர் மாவட்டக்காரர் என்று சொல்வது மாதிரி.

இனி ஊர் நகரத்துக்கு வருவோம், குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

தெற்கு இராக்கில் நாசிரியா நகரத்துக்குப் பக்கத்தில் தெல் அல்முக்கையர் என்று ஒரு பெரிய மேடு இருக்கிறது. 1854இல் பாஸ்ராவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த டெய்லர் என்பவர், அங்கே இடிந்து கிடந்த கோபுரத்தின் மூலைகளைத் தோண்டியபோது ஆப்பெழுத்து எழுதிய களிமண் உருளைகள் கிடைத்தன. பாபிலோனின் கடைசி அரசன் நபோனிதஸ் அந்தக் கோபுரத்தைப் பழுதுபார்த்து எழுதி வைத்தவை அவை. அதிலிருந்துதான் இந்த மேடுதான் பழைய ஊர் என்று தெரிந்தது. உடனே பைபிளில் வரும் 'ஊர் என்கிற கல்தேயர் தேசத்துப் பட்டணம்' இதுவே என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் 1922 முதல் 1934 வரை லெனர்ட் வுல்லி அங்கே தோண்டினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்திய அகழாய்வு அது. அரச கல்லறைகள், பொன்னும் நீலக்கல்லும் பதித்த யாழ்கள், அரசர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பணியாட்கள் என்று உலகமே வாயைப் பிளந்தது. வுல்லி ஒரு பாதிரியாரின் மகன், எழுதவும் பேசவும் தெரிந்தவர், ஆபிரகாம் பெயரைச் சொன்னால் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடும் என்பதும் அவருக்குத் தெரியும். 1936இல் ஆபிரகாமைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிறகு சதாம் உசேன் காலத்தில் அங்கே ஒரு பழைய வீட்டைச் செங்கல் வைத்துப் புதிதாகக் கட்டி, ஆபிரகாம் வீடு என்று பெயர் வைத்தார்கள். போப் பிரான்சிஸ் 2021 மார்ச் 6ஆம் தேதி அங்கே போய் எல்லா மதத்தாரோடும் சேர்ந்து பிரார்த்தனை செய்தபோது அந்தக் கோபுரம் பின்னணியில் தெரிந்த படத்தை உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. நல்ல நிகழ்ச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேட்டில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் ஒன்றுகூட ஆபிரகாமைப் பற்றியது இல்லை. அந்த வீடு அவருடைய வீடு என்று காட்ட ஒரு ஆதாரமும் இல்லை.

சரி, ஊர் சுமேரிய நகரம் என்பது உண்மைதானே என்று கட்டுரையாளர் கேட்பார். உண்மைதான். கி.மு. 2112 முதல் 2004 வரை ஊரின் மூன்றாம் அரச மரபு கொடிகட்டிப் பறந்தது, அவர்கள் அலுவலக மொழி சுமேரியம். ஆனால் பைபிள் வெறும் ஊர் என்று சொல்லவில்லையே, கல்தேயருடைய ஊர் என்கிறது. கல்தேயர் சுமேரியர் இல்லை. அவர்கள் தெற்குப் பாபிலோனியாவில் வந்து குடியேறிய, எபிரெயம், அரபு போன்ற செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த குலங்கள், அசீரிய அரசர்களின் ஆவணங்களில் முதல் தடவையாகத் தலைகாட்டுவதே கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில்தான். பாபிலோனைப் பிடித்து ஆண்டது கி.மு. 626க்குப் பிறகு. ஆபிரகாம் கி.மு. 2000ஐ ஒட்டி வாழ்ந்தவர் என்று வைத்துக்கொண்டால், அவர் காலத்தில் கல்தேயர் என்ற பெயரே கிடையாது. அப்படியானால் இந்தச் சொற்றொடரை எழுதியவர் கல்தேயர் கொடி பறந்த காலத்தில் இருந்தவர் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் யூதர்களே ஆதியாகமத்தைக் கிரேக்கத்துக்கு மாற்றியபோது அந்த இடத்தில் ஊர் என்ற பெயரே வரவில்லை, கல்தேயருடைய நாடு என்று மட்டும்தான் போட்டார்கள். நகரத்தின் பெயர் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அதை ஏன் விட்டுவிடப் போகிறார்கள்?

இப்போது ஆரானுக்குப் போவோம். வரைபடத்தில் பார்த்தால் இன்றைய துருக்கியின் தெற்கில், சன்லியுர்பா நகரத்திலிருந்து சுமார் 45 கி.மீ. தள்ளி, ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதியில் கலக்கும் பாலிக் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. தெற்கு ஊரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆதியாகமம் 11இல் ஆபிரகாமின் தகப்பன் தேராகு குடும்பத்தோடு கல்தேயருடைய ஊரை விட்டுக் கிளம்பி, கானானுக்கு (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) போகிற வழியில் ஆரானில் தங்கி, அங்கேயே 205 வயதில் இறந்துபோகிறார். அதன்பின் 12ஆம் அதிகாரத்தில் 'உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு' போ என்ற அழைப்பு வருகிறது, ஆபிராம் (ஆபிரகாமின் பழைய பெயர்) 75 வயதில் புறப்படுகிறார். எங்கிருந்து புறப்படுகிறார்? ஆரானிலிருந்து. அப்படியென்றால் தேசம், இனம், தகப்பன் வீடு எல்லாம் எங்கே இருக்கிறது?

இது போதாது என்றால் 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஈசாக்குக்குப் பெண் தேட வேலைக்காரரை அனுப்புகிறார். கானானியர் பெண் வேண்டாம், என் தேசத்துக்கும் என் இனத்தாரிடத்துக்கும் போ என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார். வேலைக்காரர் தெற்கு ஊருக்கா போனார்? இல்லை, வடக்கு மெசொப்பொத்தாமியாவில் ஆபிரகாமின் சகோதரன் நாகோருடைய பட்டணத்துக்குப் போனார். என் தேசம் என்று ஆபிரகாமே வாய்விட்டுச் சொன்ன இடம் அதுதான். அடுத்த தலைமுறையில் யாக்கோபு ஓடிப்போய்த் தாய்மாமன் லாபான் வீட்டில் தங்கியதும் ஆரானில்தான். பெண் கொடுத்து எடுக்கிற உறவு முழுக்க வடக்கில் இருக்கிறது. தெற்கு ஊரில் அவருக்கு ஒரு பங்காளிகூட இல்லை. நம்மூரில் ஒருவருடைய சொந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சம்பந்தம் எங்கே செய்கிறார்கள் என்றுதானே முதலில் விசாரிப்போம்.

இன்னும் பெரிய ஆதாரம் அவருடைய முன்னோர் பட்டியலிலேயே இருக்கிறது. செரூகு, நாகோர், தேராகு என்று பூட்டன், பாட்டன், தகப்பன் வரிசையில் வருகிற மூன்று பெயர்களும் ஆரானைச் சுற்றி இருந்த ஊர்ப்பெயர்கள். செரூகு இன்று துருக்கியில் சுருச் என்று இருக்கிறது. நாகூர் என்ற நகரம் கி.மு. 18ஆம் நூற்றாண்டின் மாரி நகரக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. தேராகுவின் பெயரை ஒத்த ஓர் ஊர் பாலிக் கரையில் இருந்ததாக அசீரியக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு பெயர் பொருந்தினால் தற்செயல் என்று தள்ளிவிடலாம், மூன்றும் ஒரே வட்டாரத்தில் வந்து விழுந்தால்?

சன்லியுர்பாக்காரர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவர்கள் ஊரில் ஒரு குகையைக் காட்டி, இப்ராஹீம் நபி பிறந்தது இங்கேதான் என்பார்கள். நிம்ரோது என்ற அரசன் அவரை நெருப்பில் போட்டபோது நெருப்பு தண்ணீராகவும் விறகு மீனாகவும் மாறியதாகச் சொல்லி, அந்தக் குளத்து மீன்களை இன்றைக்கும் யாரும் பிடிப்பதில்லை, தீனி மட்டும் போடுகிறார்கள். சைரஸ் கோர்டன் என்ற அமெரிக்க அறிஞர், பைபிள் சொல்லும் ஊர் வடக்கில் எங்கேயோதான் இருக்க வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டில் அடித்துப் பேசினார். அவருடைய ஒரு வாதம் எனக்குப் பிடித்தது. யோசுவா 24இல், உங்கள் பிதாக்கள் நதிக்கு அப்புறத்தில் குடியிருந்து வேறே தேவர்களைச் சேவித்தார்கள் என்று வருகிறது. நதி என்றால் ஐபிராத்து. தெற்கு ஊரோ ஐபிராத்துக்கு இந்தப் பக்கம், மேற்கே இருக்கிறது, நதிக்கு அப்புறத்தில் இருப்பது ஆரான்தான். இதை எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆதியாகமம் 15லும் நெகேமியா 9லும் கடவுள் ஆபிரகாமைக் கல்தேயருடைய ஊரிலிருந்து வெளியே கொண்டுவந்தார் என்றே இருக்கிறது. அப்போஸ்தலர் 7இல் ஸ்தேவானும், ஆரானில் குடியிருப்பதற்கு முன்பே அழைப்பு வந்தது என்கிறார். ஆகவே பழைய யூத மரபு கல்தேயர் நாட்டை விட்டுவிடவில்லை.

அப்படியானால் தெற்கு ஊரும் வடக்கு ஆரானும் ஒரே கதையில் எப்படி ஒட்டிக்கொண்டன? இரண்டு நகரத்துக்கும் ஒரே சாமி, சந்திரன். ஊரில் நன்னா என்றும் ஆரானில் சின் என்றும் கும்பிட்டார்கள். மேலே சொன்ன நபோனிதஸ் கி.மு. 556 முதல் 539 வரை ஆண்டவர், சந்திர பக்தர், அவருடைய தாய் ஆரான் கோவிலில் ஊறிப்போனவர். இந்த அரசர் ஊரின் கோபுரத்தைப் புதுப்பித்தார், ஆரானின் கோவிலையும் திரும்பக் கட்டினார், தன் மகளை ஊரில் பூசாரிணியாக வைத்தார். அவர் காலத்தில் யூதர்கள் எங்கே இருந்தார்கள்? பாபிலோனில் சிறைப்பட்டு இருந்தார்கள், கி.மு. 586இல் எருசலேம் விழுந்த பிறகு கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். எங்கள் முதல் தகப்பனும் இந்தக் கல்தேயர் நாட்டை விட்டுக் கானானுக்குப் புறப்பட்டுப் போனவர்தான் என்று அந்த அகதிகள் சொல்லிக்கொண்டால் அதற்கு எவ்வளவு அர்த்தம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் கணிப்பில் ஆரான் பழைய நினைவு, கல்தேயர் என்ற பெயர் சிறையிருப்பில் ஏறியது. இதை நிரூபித்துவிட்டதாக நான் சொல்லவில்லை, ஆனால் இருக்கிற துண்டுகளை எல்லாம் சேர்த்தால் இந்த உருவம்தான் வருகிறது.

இனத்துக்கு வருகிறேன். ஈசாக்கின் மனைவி ரெபெக்காளின் தகப்பன் பெத்துவேல், அவன் மகன் லாபான், இரண்டு பேரையும் ஆதியாகமம் 25:20 அரமேயர் என்று அழைக்கிறது. நம்முடைய பழைய தமிழ் பைபிளில் இது சீரியா தேசத்தான் என்று இருப்பதால் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. பெத்துவேல் வேறு யாரும் இல்லை, ஆபிரகாமின் தம்பி நாகோரின் மகன். தம்பி மகன் அரமேயன் என்றால் பெரியப்பா யார்? உபாகமம் 26:5இல் இஸ்ரவேலர் முதற்பலனைக் காணிக்கை வைக்கும்போது சொல்ல வேண்டிய வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. என் தகப்பன் அலைந்து திரிந்த ஓர் அரமேயன், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போனான் என்று அது ஆரம்பிக்கிறது. எகிப்துக்குப் போனது யாக்கோபு என்பதால் அவரைத்தான் சொல்கிறது என்பார்கள், சரி. யாக்கோபு ஆபிரகாமின் சொந்தப் பேரன். வருஷா வருஷம் அறுவடை முடிந்து கூடையோடு வந்து நிற்கும் ஒவ்வொரு இஸ்ரவேலனும், நாங்கள் ஆதியில் இந்த மண்ணுக்காரர்கள் இல்லை, அரமேய வம்சம் என்று சாமி முன்னால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு மக்கள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்ல முடியுமா?

மொழியும் இதற்குச் சாட்சி. ஆதியாகமம் 31இல் லாபானும் யாக்கோபும் கற்குவியல் போட்டு உடன்படிக்கை செய்கிறார்கள். ஒரே குவியலுக்கு மாமன் அரமேய மொழியில் பெயர் வைக்கிறார், மருமகன் எபிரெயத்தில் பெயர் வைக்கிறார். வடக்கில் தங்கிவிட்ட கிளை ஒரு மொழி பேசுகிறது, கானானுக்கு வந்துவிட்ட கிளை அந்த நாட்டு மொழிக்கு மாறிவிட்டது. ஏசாயா 19:18 எபிரெயத்தைக் கானான் பாஷை என்றே அழைக்கிறது. கானானியரை நோவாவின் மகன் காமின் பிள்ளைகள் என்று தள்ளிவைக்கிற அதே ஆதியாகமத்தின் மக்கள் பேசியது கானானியர் மொழியைத்தான். செமித்திய இனம் என்று கட்டுரையாளரை மறுத்து எழுதியவர்கள் பயன்படுத்திய சொல்லும் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர்கள் மொழிக் குடும்பத்துக்கு வைத்த பெயர், ரத்தத்துக்கு வைத்தது இல்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அரமேயர் என்ற பெயர் மட்டும் என்ன பழசா? இல்லை. அசீரிய அரசன் முதலாம் திக்லாத் பிலேசர் கி.மு. 1100 வாக்கில் அவர்களை விரட்டிக்கொண்டு 28 தடவை ஐபிராத்தைக் கடந்ததாகப் பீற்றிக்கொள்கிறான், அவர்களைப் பற்றிய உறுதியான செய்தி அப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே ஆபிரகாம் அதற்குச் சுமார் 900 வருஷம் முந்தியவர் என்றால், அவரை அரமேயர் என்பதும் பின்னால் வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரை எடுத்து வைத்ததுதான். கதையில் வரும் ஒட்டகங்களும் இப்படித்தான். ஈசாக்குக்குப் பெண் பார்க்கப் பத்து ஒட்டகத்தோடு போகிறார்கள், ஆனால் அந்தப் பகுதியில் ஒட்டகத்தைச் சுமை விலங்காகப் பரவலாகப் பழக்கியது கி.மு. பத்தாம் நூற்றாண்டு வாக்கில்தான் என்று எலும்புகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் பழைய காலத்தில் ஆரான் பக்கம் இருந்தவர்கள் யார்? அதற்கு மாரி கடிதங்கள் இருக்கின்றன. சிரியாவில் ஐபிராத்து கரையில் இருந்த மாரியை 1933இல் தோண்ட ஆரம்பித்தார்கள், இருபதாயிரம் பலகைகளுக்கு மேல் கிடைத்தன. அதில் ஆரானைச் சுற்றி ஆடு மேய்த்துத் திரிந்த மேற்குச் செமித்தியக் குலங்கள் வருகின்றன, பொதுவாக எமோரியர் என்று சொல்லப்படுகிறவர்கள். அவர்களின் தலைவர்களும் அந்தப் பக்கத்துச் சிற்றரசர்களும் ஆரானின் சந்திரன் கோவிலில் கழுதையை வெட்டி உடன்படிக்கை செய்தார்கள் என்று ஒரு கடிதம் தகவல் சொல்கிறது. ஆதியாகமம் 15இல் ஆபிராம் கிடாரியையும் ஆட்டையும் இரண்டாகப் பிளந்து வைத்துச் செய்யும் உடன்படிக்கை உடனே ஞாபகத்துக்கு வரும். தெற்கே சுமேரியர் இந்த மேய்ச்சல்காரர்களை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? தானியம் தெரியாதவன், பச்சை மாமிசம் தின்கிறவன், வீடு இல்லாதவன், செத்தால் புதைக்க இடம் இல்லாதவன் என்று எழுதி வைத்தார்கள். அவர்களைத் தடுக்க ஊரின் அரசன் சூசின் நீளமாகச் சுவரே கட்டினான். கூடாரத்தில் குடியிருந்து, ஆடுமாடுகளோடு அலைந்து, மனைவியைப் புதைக்கக் கானானில் இருந்த ஏத்தியர் என்ற மக்களிடம் போய் 'நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்' என்று சொல்லி 400 சேக்கல் வெள்ளி கொடுத்து நிலம் வாங்கிய ஆபிரகாம், சுவருக்கு எந்தப் பக்கத்து ஆள் என்று கட்டுரையாளரே சொல்லட்டும். ஊர் நகரத்துச் சுமேரியர் கண்ணில் அவர் வெளியே நிறுத்தப்பட வேண்டியவர். எமோரியர் என்று பெயரும் ஒட்டிவிட முடியாது, ஏனென்றால் ஆதியாகமம் 14இல் எமோரியனான மம்ரே அவருக்குக் கூட்டாளியாக வருகிறான், அவரை மட்டும் தனியாக எபிரெயன் என்கிறது. எசேக்கியேல் 16இல் உன் தகப்பன் எமோரியன், உன் தாய் ஏத்தித்தி என்று தீர்க்கதரிசி எருசலேமைத் திட்டுவது வேறு கதை.

ஆபிரகாம் உண்மையில் வாழ்ந்தாரா என்ற கேள்வியைத் தவிர்க்க விரும்பவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கத் தொல்லியலாளர் ஆல்பிரைட் போன்றவர்கள் மாரியையும், வடக்கு இராக்கில் கிடைத்த நூசி நகரப் பலகைகளையும் வைத்து ஆபிரகாமின் காலத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார்கள். பைபிள் ஆய்வாளர்களான தாமஸ் தாம்சன் 1974இலும் ஜான் வான் சீட்டர்ஸ் 1975இலும் அந்த ஒப்பீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஆபிரகாமைத் தனி மனிதராக நிரூபிக்க முடியாது என்றே சொல்வார்கள். நான் சபைக்குப் போகிற ஆள், எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் நம்பிக்கையைக் கொண்டுவந்து ஆதாரம் என்று மேசையில் வைக்கமாட்டேன். ஆதாரம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இஸ்ரவேலர் தங்கள் பூர்வீகத்தை வடக்கு மெசொப்பொத்தாமியாவின் மேய்ச்சல் குலங்களோடு, தங்கள் காலத்துப் பெயரில் சொன்னால் அரமேயரோடு, இணைத்து நினைவில் வைத்திருந்தார்கள். சுமேரியரோடு இணைத்ததே இல்லை.

சுமேரியர் தமிழர் என்ற அடுத்த படிக்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லை, முதல் படியே உடைந்துவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை. சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனி மொழி என்பதுதான் அதைப் படித்தவர்களின் இன்றைய நிலை. ஊருக்கும் சிந்துவெளிக்கும் வியாபாரம் இருந்தது உண்மை. மெலுகா (சிந்துவெளியைக் குறிப்பதாகக் கருதப்படும் பெயர்) நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக அக்காத் மன்னன் சார்கோன் பெருமைப்பட்டிருக்கிறான், ஊர்க் கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. மணி விற்றவன் எல்லாம் மாமன் மச்சான் ஆகிவிடமாட்டான்.

இந்த ஆசையும் புதுசு இல்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் கிளியார்க்கஸ், யூதர்கள் இந்தியத் தத்துவ ஞானிகளின் வழிவந்தவர்கள் என்று அரிஸ்டாட்டிலே சொன்னதாக எழுதியதை முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் கியோம் போஸ்தெல் என்ற பிரெஞ்சுக்காரர், பிராமணர்கள் ஆபிரகாமின் பிள்ளைகள் என்றார், ஆதியாகமம் 25இல் ஆபிரகாமின் இன்னொரு மனைவி கேத்தூராள் வழிப் பிள்ளைகளைக் கிழக்கே அனுப்பியதாக வருவதைப் பிடித்துக்கொண்டு. 18ஆம் நூற்றாண்டில் வோல்தேர் அதைத் தலைகீழாக்கி, பிரமாவிலிருந்துதான் ஆபிரகாம் வந்தார் என்ற பக்கம் சாய்ந்தார். யாருக்கு யாரை மட்டம் தட்ட வேண்டுமோ அதற்கேற்ப ஆபிரகாமின் பூர்வீகம் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மரபணுவை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும், எபிரோனில் இருக்கும் மக்பேலா குகையைத் திறந்து எலும்பை எடுத்துவர யாரும் விடப்போவதில்லை, எடுத்தாலும் அது அவருடையதுதான் என்று சொல்ல வழியில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு மெகிதோ உள்ளிட்ட இடங்களில் கிடைத்த வெண்கலக் காலத்து எலும்புகளை ஆராய்ந்தது. கானானியர் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்கிற மக்களே, உள்ளூர்ப் பழங்குடியினரும் ஜாக்ரோஸ் மலை, காக்கசஸ் பக்கத்திலிருந்து வந்தவர்களும் கலந்தவர்கள் என்று தெரிந்தது. ஆபிரகாமின் வம்சமும் கலந்துதான் போனது. யூதா கட்டியது கானானியப் பெண்ணை, யோசேப்பு கட்டியது எகிப்தியப் பூசாரியின் மகளை, மோசே கட்டியது மீதியான் பெண்ணை, தாவீதின் பூட்டி ரூத் மோவாப்காரி.

யூதர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. 12ஆம் நூற்றாண்டில் ஒபதியா என்ற ஒருவர் யூத மதத்துக்கு மாறி வந்தார். ஜெபத்தில் எங்கள் பிதாக்களின் தேவனே என்று வருகிறதே, எனக்கு அந்த ரத்தம் இல்லையே, நான் அதைச் சொல்லலாமா என்று பெரிய யூத அறிஞரான மைமோனிடஸிடம் கேட்டார். தாராளமாகச் சொல், ஆபிரகாம் வழியில் வந்து சேர்கிற எல்லாருக்கும் அவரே தகப்பன் என்று பதில் வந்தது. இன்றைக்கும் மதம் மாறி வருகிறவரை ஆபிரகாமின் மகன் என்றுதான் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஆகவே கட்டுரையாளருக்கு ஆபிரகாமை உறவு கொண்டாட ஆசை இருந்தால் வழி திறந்தே இருக்கிறது, அதற்காகச் சுமேரியாவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு மோசேயைப் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையின் கீழே போட்டிருந்தீர்கள். யாத்திராகமம் 2:19இல் மீதியான் பெண்கள் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் அவரை எகிப்தியன் ஒருவன் என்றுதான் சொல்கிறார்கள். எழுதி அனுப்புவதற்கு முன்னால் அந்த வசனத்தைக் கட்டுரையாளர் ஒரு தடவை படித்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை